பெர்கீப்: படங்களின் உறவுமுறையைக் காக்கும் சேமிப்பகம்

சிவகாசியிலும் அதை அடுத்த நாரணாபுரம் வட்டாரத்திலும் புழங்கும் காலண்டர் படங்கள், பட்டாசுப் பெட்டி லேபிள்கள், தீப்பெட்டி லேபிள்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து கணினியில் சேர்த்து வைப்பவர்கள் சில காலத்திலேயே சந்திக்கும் சிக்கல், எந்தப் படம் எதிலிருந்து வந்தது என்னும் தொடர்பு அறுந்துபோவதாகும். கோவில்பட்டியில் வாழ்ந்து 1976இல் மறைந்த ஓவியர் கொண்டையராஜுவின் தெய்வப் படம் ஒன்று, அவருடைய சீடர்களின் கையில் சிறு மாற்றங்கள் பெற்று, பின்னர் ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை என வெவ்வேறு பெயர்கள் அடியில் ஏற்றப்பட்டுப் பல காலண்டர்களாக வீடுகளுக்குச் சென்றிருக்கலாம் என்னும் நிலையில், அதை ஓவியரின் பெயரிலுள்ள ஃபோல்டரில் வைப்பதா, அச்சகத்தின் பெயரிலா, கடையின் பெயரிலா என்பதற்கு ஒரே விடை இல்லை. பெர்கீப் என்னும் திறமூல மென்பொருளின் தகுதியை இந்தக் கேள்வியைக் கொண்டே இங்கு மதிப்பிடலாம்.

லைவ்ஜர்னல் தளத்தையும் மெம்கேஷ்டு மென்பொருளையும் உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2010இல் கேம்லிஸ்டோர் என்ற பெயரில் தொடங்கிய இத்திட்டம், ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் சேர்க்கும் கோப்புகளை இழக்காமல் வைத்திருப்பதை நோக்கமாகக் கொண்டது. இதில் கோப்புக்கு முகவரியாவது அதன் பெயரோ இருக்கும் இடமோ ஆகாது. கோப்பின் பைட்டுகளைக் கணித முறையில் சுருக்கிப் பெறும் ஹாஷ் எண்ணே முகவரி. 2018இல் வந்த 0.10 பதிப்பு முதல் இதற்கு ஷா-224 முறை பயன்படுகிறது. ஒரே கோப்பை எத்தனை முறை ஏற்றினாலும் ஒரு பிரதியே தங்கும்; ஒரு பைட் மாறினாலும் முகவரி முற்றிலும் வேறாகிவிடும். ஆகவே கடைப் பெயர் மட்டும் மாறிய இரு காலண்டர் படங்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை இந்த மென்பொருள் தானாக அறியாது. அதைப் பயனரே சொல்லியாக வேண்டும்.

அவ்வாறு சொல்வதற்கான வழி பெர்மநோடு எனப்படும் நிலைக்கணு. இது தனக்கென எந்த உள்ளடக்கமும் இல்லாத, எண்முறைக் கையொப்பமிட்ட சிறு பதிவாகும். இதன் முகவரி என்றும் மாறாது. ‘இக்கணுவின் தலைப்பு இது’, ‘இதன் உள்ளடக்கம் அந்த ஸ்கேன்’, ‘அந்தக் கணு இதன் உறுப்பு’ என்பன போன்ற கூற்றுகள் தேதியோடும் கையொப்பத்தோடும் அதன்மேல் அடுக்கப்படுகின்றன. மங்கலான பழைய ஸ்கேனுக்குப் பதிலாகத் தெளிவான ஒன்று கிடைத்தால் புதிய கூற்று ஒன்று சேர்கிறதே தவிர, பழைய கூற்று அழிவதில்லை; கணு மாறாததால் அதைச் சுட்டிய உறவுகளும் குலைவதில்லை.

உறவுகளை வடிவமைக்கும்போதுதான் உண்மையான உழைப்பு தேவைப்படுகிறது. ஓவியத்துக்கு ஒரு கணுவும் கடைக்கு ஒரு கணுவும் அமைத்து, ஒன்றை மற்றதன் உறுப்பாக்குவது முதலில் போதுமானதாகத் தோன்றும். ஆனால் அந்த ஓவியம் அந்தக் கடைக்கு எந்த ஆண்டு, எந்த அளவில், எந்த அச்சகத்தில் அச்சானது என்று குறிக்க முயன்றால் இடமில்லை. ஏனெனில் உறுப்பு என்னும் இணைப்பு தன்மேல் வேறு விவரம் எதையும் தாங்காது. அச்சேற்றம் என்ற நிகழ்வையே தனிக் கணுவாக்கி, ஓவியம், கடை, அச்சகம், ஆண்டு, அளவு ஆகிய ஐந்தையும் அதன் பண்புகளாக எழுதினால் சிக்கல் தீர்கிறது. ஆடி 18 அன்று சிவகாசியில் வெளியாகும் புதிய காலண்டர் ஆல்பத்தையும் இவ்வாறே ஒரு கணுவாக்கி, அதன் பக்கங்களை உறுப்புகளாக்கலாம். ஒரு கணு எத்தனை தொகுப்புகளில் வேண்டுமானாலும் உறுப்பாகலாம் என்பதால், ஃபோல்டர் முறையில் தீராத கேள்வி இங்கே எழுவதே இல்லை. இந்த ஒரு வசதிக்காகவே பெர்கீப்பைப் பாராட்டலாம்.

தமிழ்ப் பயனர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கொண்டையராஜு என்ற பெயரிலுள்ள ‘கொ’ எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பைட்டுகள் வேறு. ஒரு முறையில் எழுதிய குறிச்சொல் மற்றொரு முறையில் தட்டச்சிட்டுத் தேடும்போது அகப்படாது. ஆகையால் பெயர்களை முதலிலேயே ஒரே விசைப்பலகையில் எழுதிப் பட்டியலாக வைத்துக்கொண்டு, அதிலிருந்தே நகலெடுத்து இடுவது நல்லது.

குறைகளும் சிறியவை அல்ல. கட்டளை வரியில் பழக்கம் இல்லாதவர்க்கு நிறுவுவதே கடினம். நீக்கியதாகக் குறித்த கணு பார்வையிலிருந்து மறைகிறதே ஒழிய வட்டில் இடம் மீள்வதில்லை. கையொப்பச் சாவி தொலைந்தால் கோப்புகள் தங்கும், ஆனால் அதே உரிமையாளராகப் புதிய கூற்று எழுத முடியாது. மறுபக்கம், தேடலுக்கான அட்டவணை பழுதடைந்தாலும் சேமித்த மூலத் தரவுகளைக் கொண்டே அதை மீண்டும் கட்டிவிடலாம் என்பது பெரிய ஆறுதல்.

அன்றாட ஆர்டர்களையும் கணக்குகளையும் நடத்த விரும்பும் அச்சகத்துக்குப் பெர்கீப் ஏற்றதன்று. அதற்குச் சாதாரணத் தரவுத்தளமே போதும். பழைய லேபிள்களையும் காலண்டர் படங்களையும் அடுத்த தலைமுறைக்கு அவற்றின் வரலாற்றோடு ஒப்படைக்க விரும்பும் சேகரிப்பாளருக்கு, பொறுமையும் கணினியறிந்த ஒருவரின் துணையும் இருந்தால், இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். முதல் படத்தை ஏற்றுவதற்கு முன் எவை கணுக்கள், எவை பண்புகள் என்பதைத் தாளில் எழுதி முடித்துவிட வேண்டும். கையொப்பச் சாவியின் பிரதியை வேறொரு வீட்டில் வைக்க வேண்டும்.