குன்றின் மேல் விளக்கு

ஒருவரைப் புகழ வேண்டுமென்றால் 'குன்றின் மேலிட்ட விளக்கு' என்போம். அதே விளக்கை, எதிரி நம்மைத் தேடி அலைகிற ராத்திரியில் ஏற்றினால் என்ன ஆகும்? 2001-ல் வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வெதர்டாப் என்றொரு குன்று. உச்சியில் இடிந்த காவல் கோபுரம். ஃப்ரோடோ அசந்து தூங்கும்போது மற்ற மூன்று ஹாபிட்டுகளும் பசி தாங்காமல் நெருப்பு மூட்டி, தக்காளியும் பன்றி இறைச்சியும் வறுக்கிறார்கள். கறுப்பு அங்கிக்காரர்கள் ஐந்து பேர் வந்துவிடுகிறார்கள். ஃப்ரோடோவுக்குக் கத்திக்குத்து. அரகார்ன் தீப்பந்தத்தோடு பாய்ந்து விரட்டுகிறார். சீட் நுனிக் காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால், 1954-ல் வெளியான டோல்கீனின் புத்தகத்தைப் படித்தவர்களுக்கு இங்கே ஒரு மனக்குறை. டைரக்டர் பீட்டர் ஜாக்சன் அந்தக் குன்றை வெறும் சண்டை செட்டாக ஆக்கிவிட்டார். அதன் பழங்கதை ஒரே வசனத்தில் முடிந்துபோகிறது.

அந்தப் பழங்கதை என்ன?

வெதர்டாப்பின் பழைய பெயர் அமோன் சூல். காற்றுக் குன்று என்று அர்த்தம். கிழக்கும் மேற்குமாக ஓடும் நெடுஞ்சாலை இதன் தெற்கு அடிவாரத்துக்குப் பக்கமாகப் போகிறது. மேலே ஏறி நின்றால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். போதாததற்கு, கோபுரத்தில் 'பலன்டீர்' என்ற மந்திரக் கல் வேறு. தூரத்தில் நடப்பதை இருந்த இடத்திலிருந்தே காட்டும். (அமெரிக்காவில் 2003-ல் தொடங்கிய தகவல் அலசும் கம்பெனி ஒன்று இந்தப் பெயரைத்தான் வைத்துக்கொண்டது. காரணம் உங்களுக்கே புரியும்.)

கதையின் மூன்றாம் யுகம் 861-ல் அர்னோர் ராஜ்ஜியம் மூன்று பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை ஆகிறது. குன்று மூவரின் எல்லையும் சேருகிற இடத்தில் மாட்டிக்கொள்கிறது. வடக்கே இருந்த மூன்று கற்களில் மற்ற இரண்டும் ஒருவரிடமே இருந்ததால், இதையாவது பிடிக்க வேண்டுமென்று மற்ற இருவருக்கும் ஆசை. பங்காளிச் சண்டை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. 1409-ல் அங்மாரின் சூனிய மன்னன் படையோடு வந்து கோபுரத்தை எரித்துத் தரைமட்டமாக்குகிறான். கல்லை மட்டும் காப்பாற்றி எடுத்துப்போகிறார்கள். 1975-ல் கப்பல் உடைந்து அதுவும் கடலுக்குள் போய்விடுகிறது. தூரத்தில் வருவதையெல்லாம் காட்டுகிற கல்லுக்காக அடித்துக்கொண்டவர்கள், பக்கத்தில் வந்த ஆபத்தைத் தடுக்க ஒன்றுசேரவில்லை.

ஃப்ரோடோ ஏறுவது இந்த மிச்சத்தின் மேல்தான். புத்தகத்தில் அரகார்னும் ஃப்ரோடோவும் மெர்ரியும் உச்சியில் நின்று சாலையைப் பார்க்கிறார்கள். கீழே கறுப்புப் புள்ளிகள் ஊர்கின்றன. சட்டென்று கற்களுக்குப் பின்னால் படுத்துக்கொள்கிறார்கள். இவர்கள் பார்த்தாகிவிட்டது, அவர்களும் பார்த்திருப்பார்களே! அந்த நிமிஷத்தில் குன்றின் முழுச் சுபாவமும் வெளிப்படுகிறது. நெருப்புகூட அங்கே அசட்டுத்தனம் இல்லை. சரிவில் ஒரு பள்ளத்தில், எதிரிகளுக்கு நெருப்பென்றால் பயம் என்று தெரிந்தே மூட்டுகிறார்கள். படத்தில் இது பசிக்கோளாறு ஆகிவிட்டது. ஐந்து பேரும் ஒரு தீப்பந்தத்துக்கு ஓடுவதும் கொஞ்சம் மலிவு. புத்தகத்தில், குத்து விழுந்துவிட்டது, இனி விஷம் பார்த்துக்கொள்ளும் என்றுதான் விலகுகிறார்கள். அந்தப் பொறுமைதான் நிஜமான பயங்கரம்.

டோல்கீனுக்கு மேட்டு நிலத்தின் மதிப்பு ஏட்டுப் படிப்பில்லை. 1916-ல் பிரான்சின் சோம் போரில் சிக்னல் ஆபீசராக இருந்தவர். மேட்டில் இருப்பவன் பார்க்க, பள்ளத்தில் இருப்பவன் சாவதைக் கண்டவர். நெருங்கிய நண்பர்கள் இருவரை அந்த ஒரே வருஷத்தில் பறிகொடுத்தார். கதையை உருவகமாகப் படிப்பது அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் ஃப்ரோடோவின் காயம் வருஷா வருஷம் அதே அக்டோபர் 6-ல் வலிக்கிறது என்று எழுதுவதற்கு, போரிலிருந்து திரும்பிய ஒருவரால்தான் முடியும்.

ஜாக்சனுக்கும் இது தெரிந்திருக்கிறது. மூன்றாவது படத்தின் முடிவில், நாலு வருஷமாகியும் காயம் ஆறவில்லை என்று ஃப்ரோடோ சொல்லும் இடத்தைக் கவனியுங்கள். முதல் படம் விட்ட கடனில் பாதியை அங்கே அடைத்துவிடுகிறார். மீதிப் பாதி புத்தகத்தின் பின்னிணைப்பில் இருக்கிறது. பலரும் புரட்டாமல் மூடி வைக்கிற பக்கங்கள். நீங்கள் புரட்டுங்கள்.