எந்திரம், இனம், அரசியல்: ஜேம்ஸ் பொக்ஸின் குறிப்பேடு பற்றிய ஒரு மதிப்பீடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொழிலாளர் வாழ்க்கை பற்றி எழுந்துள்ள நூல்களை மூவகைப்படுத்தி நோக்கலாம். ஆய்வறிஞர்கள் வெளியே நின்று தொழிலாளியைப் பற்றி எழுதியவை ஒருவகை. தொழிற்சங்கத் தலைமையின் வெற்றிகளைப் பதிவு செய்தவை இன்னொரு வகை. வேலைத்தலத்தில் நிற்பவன் தான் கண்டதையும் கருதியதையும் தன் வாயாலேயே கூறுபவை மூன்றாம் வகை. இம்மூன்றாம் வகை தொகையிற் சிறிது. அதனைத் தனிப்பட்ட அபிப்பிராயம் என்று ஒதுக்கிவிடும் போக்கும் கல்வியுலகில் நெடுங்காலம் நிலவியது. அத்தகைய அபிப்பிராயம் எந்நிலையில் அறிவாகின்றது, எந்நிலையில் தன் எல்லையை எய்துகின்றது என்னும் வினாவை முன்வைத்து, 1963 இல் வெளிவந்த ஒரு சிறு நூலை ஈண்டு நோக்குவோம். ‘அமெரிக்கப் புரட்சி: ஒரு நீக்ரோத் தொழிலாளியின் குறிப்பேட்டிலிருந்து சில பக்கங்கள்’ என்பது அதன் பெயர். ஆசிரியர் ஜேம்ஸ் பொக்ஸ்.

பொக்ஸ் 1919 இல் அலபாமா மாநிலத்தின் மரியன் ஜங்ஷன் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். இளமையில் வடக்கே டிட்ரொயிற் நகருக்குச் சென்று, 1940 முதல் 1968 வரை கிறைஸ்லர் கம்பனியின் ஜெபர்சன் அவென்யூ மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சி. எல். ஆர். ஜேம்ஸின் வழிவந்த சிறியதொரு மார்க்சியக் குழுவில் மனைவி கிறேஸ் லீயுடன் சேர்ந்து இயங்கினார். அமெரிக்கத் தொழிலாளி வர்க்கத்தின் இன்றைய நிலை யாது என்ற வினாவே அக்குழுவை 1962 இற் பிளந்தது. மறுவருடம் பொக்ஸின் கருத்துகளை ‘மன்த்லி றிவியூ’ ஏடு தனியிதழாகவும் நூலாகவும் வெளியிட்டது. ஆகவே இந்நூலை ஓய்வுநேரச் சிந்தனைகளின் தொகுப்பு என்று கொள்ளுதல் பொருந்தாது. தாம் சார்ந்திருந்த கோட்பாட்டைத் தாம் வாழ்ந்த வாழ்க்கையோடு ஒப்புநோக்கி, ஒன்றுக்கொன்று ஒவ்வாதவிடத்து வாழ்க்கையின் பக்கம் நின்ற ஒருவரின் வாதமாகவே அதனைக் கொள்ளல் வேண்டும்.

பொக்ஸ் தொழிற்சங்கத்திலிருந்து தொடங்குகின்றார். இது தற்செயலானதன்று. 1935 இல் தோன்றிய ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கம், 1936 இறுதியிலிருந்து 1937 பெப்ரவரி வரை பிளின்ற் நகரில் நடைபெற்ற 44 நாள் உள்ளிருப்பு வேலைநிறுத்தத்தின் மூலம் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியைப் பணியவைத்தது. அன்று சங்கம் கோரியது கூலியை மாத்திரமன்று. வேலையின் வேகத்தையும் ஒழுங்கையும் பற்றிப் பேசும் உரிமையையும் அது கோரியது. ஆனால் 1950 இல் அதே கம்பனியுடன் செய்துகொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் வேறொரு தடத்தைக் காட்டிற்று. வாழ்க்கைச் செலவுக்கேற்ப உயரும் கூலி, ஓய்வூதியம் ஆகியன தொழிலாளிக்குக் கிடைத்தன. எதை, எங்கே, எவ்வெந்திரங்கொண்டு உற்பத்தி செய்வது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் நிர்வாகத்தின் கையிலேயே தங்கிற்று. பொக்ஸின் குற்றச்சாட்டு இவ்விடத்திலேயே கூர்மை பெறுகின்றது. வேலைத்தலத்தின் மீதான அதிகாரத்தைச் சங்கம் கைவிட்ட நாளிலேயே அதன் வரலாற்றுப் பங்கு முடிந்துவிட்டது என்பது அவர் முடிபு. ஒப்பந்தத்தின் வாசகங்களை மட்டும் படிப்போர்க்கு அது வெற்றியாகவே தோன்றும். பொருத்தும் வரிசையில் நின்றவருக்கே அதன் மறுபக்கம் தெரிந்தது. தனிமனித அபிப்பிராயம் அறிவாவது இத்தகைய இடங்களிலேயாம்.

அடுத்து அவர் எடுத்துக்கொள்வது தன்னியக்கம். தன்னியக்கம் சில தொழிலாளரைத் தற்காலிகமாக இடம்பெயர்க்கும், பின்னர் புதிய தொழில்கள் அவர்களை ஏற்றுக்கொள்ளும் என்பது அக்காலப் பொருளியலாளர் பலரின் ஆறுதல் மொழி. பொக்ஸ் அதனை மறுத்தார். முந்திய எந்திரங்கள் தொழிலாளியின் உழைப்பை வேறு இடத்துக்கு மாற்றின. புதிய எந்திரமோ அவனையே தேவையற்றவனாக்குகின்றது என்று அவர் கண்டார். உற்பத்தியமைப்பினுள் ஒருபோதும் இடம்பெறாத தலைமுறையொன்று தோன்றுகின்றதென்றும், அவர்களே ‘வெளியாட்கள்’ என்றும் கூறினார். இதிலிருந்து அவர் பெறும் முடிபு துணிச்சலானது. உழைத்தவனுக்கே உணவு என்ற கொள்கை பற்றாக்குறைச் சமுதாயத்துக்கு உரியது. மிகுதியை உற்பத்தி செய்யும் சமுதாயத்தில் வாழும் உரிமையை வேலையிலிருந்து பிரித்தெடுத்தல் வேண்டும். மார்க்சிய மரபில் வந்த ஒருவர், உழைப்பையே மனித மதிப்பின் அளவுகோலாகக் கொள்ளும் எண்ணத்தை இவ்வாறு கேள்விக்குள்ளாக்கியமை அன்று பலருக்கு உவப்பாக இருக்கவில்லை. எனினும் 1967 இல் மாட்டின் லூதர் கிங் உத்தரவாதப்படுத்தப்பட்ட வருமானத்தை வற்புறுத்தியதையும், அண்மை ஆண்டுகளில் எல்லோர்க்குமான அடிப்படை வருமானம் பற்றி உலகெங்கும் எழுந்த விவாதங்களையும் நோக்குமிடத்து, கிறைஸ்லர் தொழிலாளி முற்கூட்டியே எழுப்பிய வினாவின் ஆழம் புலனாகும்.

ஆயினும் இப்பகுதியிலேயே நூலின் பிரதான குறைபாட்டையும் காண்கின்றோம். பொக்ஸின் எழுத்தில் தன்னியக்கம் பெருவெள்ளம் போல, யாருடைய விருப்புவெறுப்புக்கும் கட்டுப்படாது வந்து சேர்கின்றது. உண்மையில் எந்திரம் தானாக வருவதில்லை. அதனைத் தெரிந்தெடுப்போர் உளர். டிட்ரொயிற்றின் அருகிலுள்ள போட் கம்பனியின் றூஜ் தொழிற்சாலையில் 1945 இல் ஏறத்தாழ 85,000 பேர் வேலை செய்தனர். 1960 இல் அத்தொகை 30,000 அளவுக்கு வீழ்ந்தது. இவ்வீழ்ச்சி முழுவதையும் எந்திரத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. எந்திர உற்பத்தியின் ஒரு பகுதி கிளீவ்லாந்து நகரருகே 1951 இல் திறக்கப்பட்ட புதிய தன்னியக்கத் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டது. றூஜ் தொழிலாளரின் சங்கக்கிளையான லோக்கல் 600 போர்க்குணம் மிக்கது; கறுப்பின உறுப்பினர் பெருந்தொகையாக இருந்த கிளையும் அதுவே. இடமாற்றத்தை எதிர்த்து அக்கிளை 1951 இல் நீதிமன்றம் வரை சென்றும் பயன் கிட்டவில்லை. எனவே தொழில்நுட்ப மாற்றம், இடமாற்றம், சங்கத்தின் பலத்தைக் குறைத்தல் ஆகிய மூன்றும் ஒரே தீர்மானத்தின் மூன்று முகங்களாக அமைந்தன.

டேவிட் நோபிள் 1984 இல் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் தெளிவாக்குகின்றது. உலோகம் கடையும் பொறிகளைத் தன்னியக்கமாக்குவதற்கு இரண்டாம் உலகப் போரின் பின்னர் இரு வழிகள் இருந்தன. தேர்ந்த கைவினைஞனின் அசைவுகளைப் பதிவுசெய்து மீள இயக்குவது ஒன்று. பொறியியலாளர் எழுதும் எண்குறிகளால் பொறியை இயக்குவது மற்றது. முன்னது கைவினைஞனின் திறனை உற்பத்தியின் மையத்தில் வைத்திருந்தது. பின்னது அத்திறனைத் திட்டமிடும் அறைக்கு இடம்மாற்றியது. விமானப் படையின் பணமும் நிர்வாகத்தின் விருப்பமும் பின்னதன் பக்கமே நின்றன. தொழில்நுட்பம் என நாம் அழைப்பதனுள்ளேயே அதிகாரம் பற்றிய தெரிவு உறைந்துள்ளது என்பது இதனாற் பெறப்படும். தொழிற்சங்கம் கைவிட்ட அதிகாரம் இத்தெரிவு பற்றியதே என்பதைப் பொக்ஸ் தம் முதற் பகுதியிற் கண்டவர். தன்னியக்கத்தைப் பற்றிப் பேசும்போது அவர் அதனை மறந்துவிடுகின்றார். நூலின் முதற் பகுதி இரண்டாம் பகுதிக்குத் தந்திருக்கவேண்டிய திறவுகோல் பயன்படுத்தப்படாமலே கிடக்கின்றது.

இனம் பற்றிய பகுதியே நூலின் உயிர்நாடி எனலாம். இனவாதம் முதலாளிகள் தொழிலாளரைப் பிரிப்பதற்குக் கையாளும் சூழ்ச்சி, வர்க்க உணர்வு முதிரும்போது அது தானே உதிர்ந்துவிடும் என்பது அக்கால இடதுசாரிகள் பலரின் நிலைப்பாடு. பொக்ஸ் இதனை ஏற்கவில்லை. கறுப்பினத்தவர் அடியில் அமிழ்த்தப்பட்டதனால் வெள்ளைத் தொழிலாளிக்கு வேலையிலும் குடியிருப்பிலும் பதவியுயர்விலும் உண்மையான நலன்கள் கிடைத்தன என்றும், அந்நலன்களை அவன் தானே முன்வந்து காத்துக்கொண்டான் என்றும் அவர் வாதித்தார். வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது. பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஆணையை, ஏ. பிலிப் றான்டொல்ப் அறிவித்த வாஷிங்டன் பேரணியின் நெருக்குதலினாலேயே 1941 இல் றூஸ்வெல்ட் பிறப்பித்தார். ஈராண்டுகளின் பின் டிட்ரொயிற்றின் பக்கார்ட் தொழிற்சாலையில் மூன்று கறுப்பினத் தொழிலாளர் பதவியுயர்வு பெற்றமையை எதிர்த்து ஏறத்தாழ 25,000 வெள்ளையர் வேலையை விட்டு வெளியேறினர். அதே 1943 ஜூன் மாதத்தில் அந்நகரில் மூண்ட இனக்கலவரத்தில் 34 பேர் மாண்டனர். அவர்களுள் 25 பேர் கறுப்பினத்தவர். வேலைநிறுத்தம் என்னும் ஆயுதமே சக தொழிலாளிக்கு எதிராகத் திருப்பப்படக்கூடும் என்பதற்குப் பக்கார்ட்டை விட வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

சங்கத்தின் உள்ளமைப்பும் இம்முரண்பாட்டிலிருந்து விடுபட்டதன்று. அதன் தலைவர் வால்டர் றூதர் 1963 ஓகஸ்ட் 28 ஆந் திகதி வாஷிங்டன் பேரணி மேடையில் உரையாற்றியவர். குடியுரிமைப் போராட்டத்துக்குத் துணைநின்றவர். ஆனால் அவரது சங்கத்தின் நிறைவேற்றுச் சபைக்கு முதற் கறுப்பின உறுப்பினர் தெரிவானது 1962 இலேயே. அதுவும் கறுப்பினத் தொழிற்சங்கவாதிகள் தமக்கெனத் தனி அமைப்பொன்றை உருவாக்கிப் பல்லாண்டு வற்புறுத்திய பின்னரேயாம். மேடையிற் கூறப்படும் கொள்கைக்கும் வார்ப்பாலையின் வெப்பத்திலும் நிறந்தீட்டும் பிரிவின் நச்சுக்காற்றிலும் யார் நிறுத்தப்பட்டனர் என்பதற்கும் இடையிலிருந்த தூரத்தை அளந்தமையே பொக்ஸின் சாதனையாகும்.

இவற்றிலிருந்து அவர் பெறும் அரசியல் முடிபு யாது? தொழிற்சாலைக்குள் இருக்கும் வர்க்கம் தன் புரட்சித் தன்மையை இழந்துவிட்டது. இனிக் கறுப்பின மக்களின் அதிகாரத்துக்கான போராட்டமும் வெளியாட்களின் கிளர்ச்சியுமே அமெரிக்கச் சமுதாயத்தை அசைக்கும் என்பதாம். இதன் முற்பாதியை வரலாறு விரைவிலேயே திருத்தியது. 1967 ஜூலையில் டிட்ரொயிற் கிளர்ந்தெழுந்து 43 உயிர்கள் மாய்ந்தபோது வெளியாட்களைப் பற்றிய அவர் கணிப்பு மெய்ப்பட்டதுபோலத் தோன்றியது. ஆனால் மறுவருடம் மே மாதத்தில், டொட்ஜ் மெயின் தொழிற்சாலையில் வரிசையின் வேகம் கூட்டப்பட்டதை எதிர்த்துத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். தண்டனை கறுப்பினத்தவர் மீதே மிகுதியாக வீழ்ந்தது. அதன் விளைவாகத் தோன்றியதே டொட்ஜ் புரட்சிகரச் சங்க இயக்கம். வெளியாட்களின் நகரத்துக்குள்ளிருந்து வந்த இளைஞரே உற்பத்தியின் மையத்தில் நின்று போராடினர். பொக்ஸ் இரு வேறு கூட்டங்களாகக் கண்டவர்கள் ஒரே குடும்பத்தினராகவும் சிலவேளை ஒரே மனிதராகவும் இருந்தனர்.

அவ்விளைஞர்கள் தன்னியக்கம் பற்றிக் கூறியதும் மனங்கொளத்தக்கது. கம்பனி புதிய எந்திரத்தின் பெருமை என்று காட்டிய உற்பத்தி உயர்வு, முன்னர் பல வெள்ளையர் செய்த வேலையை ஒரு கறுப்பினத் தொழிலாளியின் முதுகில் ஏற்றியதன் பயனே என்று அவர்கள் வாதித்தனர். அதனைக் குறிக்கத் தம் இனத்தைப் பழிக்கும் வசைச்சொல்லையே தன்னியக்கம் என்ற சொல்லோடு பிணைத்து வழங்கினர். எந்திரம் மனிதனை வெளியேற்றுகின்றது என்பது பொக்ஸின் கூற்று. எந்திரத்தின் பெயரால் எஞ்சிய மனிதன் கசக்கிப் பிழியப்படுகின்றான் என்பது அவர்களின் கூற்று. இரண்டும் உண்மையின் பகுதிகளே. எனினும் பின்னையதே எந்திரத்துக்குப் பின்னால் நிற்கும் கையைச் சுட்டுகின்றது.

இன்று இந்நூலை வாசிப்போர்க்கு மற்றுமொரு பயன் உண்டு. பொக்ஸ் பிறந்த அலபாமாவிலேயே, பெஸ்ஸமர் நகரிலுள்ள அமேசன் பண்டகசாலையில், 2021 இல் சங்கம் அமைப்பதற்கான வாக்கெடுப்பு நடைபெற்றுத் தோல்வி கண்டது. அங்கு வேலை செய்தோருட் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். எந்திரம் அங்கே மனிதனை வெளியேற்றவில்லை. கணினி அவனது ஒவ்வொரு நிமிடத்தையும் அளந்து வேகத்தை விதிக்கின்றது. மறுபுறம், முடிந்துவிட்டதென்று அவர் கருதிய அதே மோட்டார்த் தொழிலாளர் சங்கம் 2023 செப்ரெம்பரில் மூன்று பெருங் கம்பனிகளுக்கும் எதிராக ஒரே வேளையில் வேலைநிறுத்தம் செய்து, மூடப்பட்ட தொழிற்சாலையொன்றைத் திறத்தல், மின்கல உற்பத்தி ஆகியவற்றையும் பேச்சுவார்த்தைக்குட் கொண்டுவந்தது. எங்கே, எதை உற்பத்தி செய்வது என்ற வினா, 1950 இற் கைவிடப்பட்ட வினா, மீண்டும் மேசைக்கு வந்தது. பொக்ஸின் நோய்க்கணிப்பு சரியாக இருந்தமையாலேயே அவரது மரணச் சான்றிதழ் பொய்த்தது எனலாம்.

ஒருவர் தம் வேலைத்தலத்திற் கண்டதை நேர்மையாக எழுதும்போது கோட்பாடுகள் காணத் தவறியதைக் காட்டமுடியும்; அதே வேலைத்தலத்தின் சுவர்கள், தீர்மானம் எடுக்கப்படும் அறையை அவர் கண்ணிலிருந்து மறைக்கவும் கூடும். இந்நூலின் பலமும் பலவீனமும் இவ்வொரே நிலையிலிருந்தே பிறக்கின்றன. தொழிலாளியின் அபிப்பிராயத்தை வெறுஞ் சான்றாக மட்டும் பயன்படுத்தும் ஆய்வும், விமர்சனமின்றிப் போற்றும் ஆய்வும் அதற்கு நீதி செய்யமாட்டா. அதனோடு வாதிடுவதே அதற்கு நாம் அளிக்கக்கூடிய உயர்ந்த மதிப்பாகும்.