பிசிறு இல்லாத குரல்

1997ஆம் ஆண்டு பின்னணிப் பாடகர் சாகுல் ஹமீது சாலை விபத்தொன்றில் காலமானார். அதே ஆண்டில் அமெரிக்காவில் ‘ஆட்டோ-டியூன்’ என்னும் மென்பொருள் விற்பனைக்கு வந்தது. பாடுபவர் சுரத்தை விட்டு விலகினால், விலகிய இடத்திலிருந்து அவரது குரலை இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்திவிடும் கருவி அது. இவ்விரு செய்திகளுக்கும் அன்று யாதொரு தொடர்பும் இருக்கவில்லை. ஆனால் 2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ திரைப்படத்தில், ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த ‘திமிறி எழுடா’ என்ற பாடலில் சாகுல் ஹமீதின் குரல் ஒலித்தது. 2022 செப்டம்பரில் மறைந்த பம்பா பாக்கியாவின் குரலும் உடன் ஒலித்தது. செயற்கை நுண்ணறிவால் செய்த குரல்கள் அவை. குடும்பத்தாரின் அனுமதி பெற்றதாகவும், உரிய ஊதியம் தந்ததாகவும் இசையமைப்பாளர் அறிவித்தார். அதில் குறை காண நமக்கு எண்ணமில்லை.

சுருதியைத் திருத்துவதும் இறந்தவரைப் பாட வைப்பதும் வெவ்வேறு தொழில்நுட்பங்களே. ஆயினும், குரல் என்பது ஒரு மனிதர் தந்து நாம் பெற்றுக்கொள்ளும் ஒன்று என்ற எண்ணம் போய், அது நாம் வேண்டியவாறு வடித்தெடுக்கும் கச்சாப்பொருள் என்ற எண்ணம் வந்தபின்னரே இரண்டாவது கருவி இயல்பாகத் தோன்றத் தொடங்கியது. அந்த எண்ணத்தை நமக்குப் பழக்கியது முதற்கருவி. ஆகவே அதைப் பற்றியே இங்குச் சிறிது விரிவாகக் காண்போம்.

இதை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட், நிலத்தடியில் எண்ணெய் இருக்குமிடத்தை அதிர்வலைகளைக் கொண்டு கண்டறியும் கணக்கில் பல ஆண்டுகள் உழைத்த பொறியாளர். பாறையில் பட்டுத் திரும்பும் ஒலியை ஆராய உதவிய அதே கணித முறை, மனிதக் குரலின் அதிர்வெண்ணைக் கண்டறியவும் உதவிற்று. கருவி செய்யும் வேலை எளிது. பாடுபவரின் குரல் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று அளக்கிறது. அதற்கு மிக அருகில் உள்ள ‘சரியான’ சுரம் எது என்று பார்க்கிறது. பின்பு குரலை அங்கே நகர்த்துகிறது. எவ்வளவு விரைவாக நகர்த்துவது என்பதை ஒலிப்பதிவாளர் முடிவு செய்யலாம். மெதுவாக நகர்த்தினால் கேட்பவருக்குத் தெரியாது. விரைவைக் கடைசி எல்லைக்குக் கொண்டுசென்றால் குரல் படிக்கட்டில் குதித்து இறங்குவதுபோல் ஒலிக்கும். பாடகி ஷெர் 1998இல் பாடிய ‘பிலீவ்’ பாடலில் உலகம் முதன்முதலாகக் கேட்டு வியந்தது அந்த ஒலியைத்தான். அதைத் தயாரித்தவர்கள் முதலில் வேறொரு கருவியின் பெயரைச் சொல்லி உண்மையை மறைத்தார்கள் என்பது சுவையான செய்தி. திருத்தம் பிறந்த நாளிலிருந்தே அதைச் சற்று ஒளித்து வைக்கும் வழக்கமும் பிறந்துவிட்டது.

‘இயந்திரம் வந்தது, இசை செத்தது’ என்று எழுதிவிடுவது எளிது. அப்படிச் சொன்னவர்கள் முன்பும் இருந்தார்கள். நம் ஆலயங்களில் பலகாலமாக ஒலித்துவரும் ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் தன் நிலையங்களிலிருந்து விலக்கிவைத்தது. அந்தத் தடை 1971 வரை நீடித்தது. பன்னிரண்டு கட்டைகளில் அடங்கிய அந்தப் பெட்டி, நம் இசையின் நெளிவு சுளிவுகளைக் காட்ட இயலாதது என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். காரணம் பொய்யன்று. ஆனால் பாடகர்கள் ஆர்மோனியத்தோடு பாடிக்கொண்டே அதை மீறவும் கற்றிருந்தார்கள். பெட்டி தன் சுரத்தில் நிற்கும். குரல் அதைச் சுற்றி வளைந்து செல்லும். பெட்டிக்குக் குரலைத் தொட்டு இழுக்கும் கை இல்லை. புதிய கருவிக்கு அந்தக் கை இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் காணாமல் ‘எல்லாப் புதுமையையும் முதலில் எதிர்த்தார்கள்’ என்று கூறி நகர்ந்துவிடுவது சோம்பலான வாதம்.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலில், ஒரு தாயியில் சுருதிகள் இருபத்திரண்டா, இருபத்து நான்கா என்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் வாதிட்டிருக்கிறார். அவர் முடிவை ஏற்பதும் மறுப்பதும் இசை அறிஞர்களின் பாடு. சுரத்தின் இடம் எது என்பது ஒரு மனிதர் தம் வாழ்நாளைச் செலவிடத் தக்க வினாவாக இருந்தது என்பதே நாம் நினைக்க வேண்டியது. மென்பொருள் அந்த வினாவைக் கேட்பதில்லை. நாம் வேறு கட்டளை தராவிட்டால், பன்னிரண்டு இடங்களில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு வேலையை முடித்துவிடுகிறது. தோடி இராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அசைந்துகொண்டிருப்பதே அதன் இருப்பு. அதை இக்கருவியிடம் கண்மூடிக் கொடுத்தால் அசைவைப் பிழையென்று கொண்டு நறுக்கிவிடும். நல்ல ஒலிப்பதிவாளர் அவ்விடத்தில் கருவியை நிறுத்திவைப்பார் என்பதும் உண்மைதான். எனவே கமகத்தைக் கருவி கொல்கிறது என்பதைவிட, கமகம் அறியாதவர் கையில் கருவி கிடைத்திருக்கிறது என்பதே சரி.

இராகம் அறிந்தவர்களுக்காகப் பேசப் பலர் இருக்கிறார்கள். நாம் வாழும் கொடுங்கையூர்ப் பகுதியின் இசைக்காகப் பேசுவோர் குறைவு. குப்பைமேட்டின் புகையும் எண்ணூர்த் தொழிற்சாலைகளின் காற்றும் சேர்ந்து வீசும் இந்த வடசென்னையின் இசை கானா. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் நம் தெருக்களிலும் சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து பாடப்படுவது அது. இறந்தவரின் பெயர், செய்த தொழில், பட்ட கடன், பெற்ற பிள்ளைகள் எல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். பாடுபவரின் தொண்டை நள்ளிரவுக்குமேல் கட்டிப்போகும். மேல் சுரத்தை எட்டாமல் அதன் கீழே உரசி நிற்கும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் அதுவரை அழாத மகன் அழுகிறான். உரசிய அளவை ‘சென்ட்’ கணக்கில் அளந்து, முப்பது சென்ட் குறைகிறது என்று கருவி சொல்லும். கணக்கு சரியாகவே இருக்கும். அந்த முப்பது சென்ட்டில்தான் சாவு வீடு இருக்கிறது என்பது கணக்கில் வராது.

திரையிசையும் ஒருகாலத்தில் இதை அறிந்திருந்தது. 1994இல் வந்த ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ பாடலை மீண்டும் கேட்டுப் பாருங்கள். சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரம்மாள், சாகுல் ஹமீது ஆகிய மூவரும் பாடியது. நகரத்துத் துள்ளலுக்கு நடுவே குஞ்சரம்மாளின் நாட்டுப்புறக் குரல் வந்து விழும்போது, பளபளப்பான தரையில் யாரோ மண் காலோடு நடந்து வந்ததுபோல் இருக்கிறது. அந்தக் குரலின் ஓரங்களை எவரும் செதுக்கவில்லை. செதுக்கியிருந்தால் அவரை அழைத்திருக்கவே தேவையில்லை. சென்னைத் தமிழின் கொச்சையைக் கொண்டாடிய ‘சர்கார்’ படத்தின் ‘சிம்டாங்காரன்’ பாடலுக்கு 2018இல் பம்பா பாக்கியாவைத் தேர்ந்ததும் இதே செவிதான். அடிவயிற்றிலிருந்து எழும் அவரது கனத்த குரல் எந்த அச்சிலும் வார்த்ததன்று.

அத்தகைய செவி படைத்தவரே ‘திமிறி எழுடா’வையும் அமைத்தார் என்பதால்தான் அப்பாடல் நம்மை உறுத்துகிறது. குரலின் நிறம் அப்படியே இருக்கிறது; பலர் கேட்டுக் கண் கலங்கினார்கள். எனினும் நம் செவிக்கு ஏதோ குறைகிறது. பொதுவாக இம்முறையில் உயிரோடிருக்கும் ஒருவர் பாட, அவர் குரலின்மேல் மறைந்தவரின் குரல்நிறம் போர்த்தப்படுகிறது. ஆகவே மூச்சு ஒருவருடையது, நிறம் மற்றொருவருடையது. எந்தச் சொல்லில் அழுத்துவது, எங்கே மூச்சு வாங்குவது, எந்தச் சுரத்தை வேண்டுமென்றே சற்றுத் தாழ்த்துவது என்பதையெல்லாம் சாகுல் ஹமீது முடிவு செய்யவில்லை. ஒரு பாடகர் பதிவுக்கூடத்தில் ‘இன்னொரு முறை பாடுகிறேன்’ என்று கேட்பதுண்டு. ‘இந்தப் பாடல் எனக்கு வேண்டாம்’ என்று எழுந்து போவதும் உண்டு. குடும்பத்தார் தரும் அனுமதி இவ்விரண்டுக்கும் ஈடாகுமா என்பது எளிய கேள்வியன்று. மறைந்த எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் குரலைத் தெலுங்குப் படமொன்றில் இவ்வாறு உருவாக்கியதற்கு எதிராக அவர் மகன் எஸ்.பி.சரண் வழக்கறிஞர் வழியாக அறிவிக்கை அனுப்பிய செய்தி 2024இல் வெளிவந்தது. அதே ஆண்டில் ‘கோட்’ படத்தில், சனவரியில் மறைந்த பவதாரிணியின் குரலை உடன்பிறந்தவரான யுவன் சங்கர் ராஜாவே உயிர்ப்பித்தார். முன்னதில் உரிமையும் பின்னதில் பாசமும் பேசுகின்றன. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க நாம் துணியவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நம் பகுதி இளைஞர்கள் சிறு அறையில் ஒரு கணினியையும் ஒலிவாங்கியையும் வைத்துக்கொண்டு கானா பதிவு செய்கிறார்கள். அவற்றில் பலவற்றில் ஆட்டோ-டியூன் ஒளிவுமறைவின்றி, உரக்கவே ஒலிக்கிறது. பெரிய பதிவுக்கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை தர வழியற்றவர்களுக்கு அது கிடைத்த வரம். கருவியைக் கருவியாகக் காட்டி ஆடும் விளையாட்டு அது. அதில் ஏமாற்று இல்லை. சிலவேளை அழகும் இருக்கிறது. எல்லாப் பாடல்களும் ஒரே தொண்டையிலிருந்து வருவதுபோல் தோன்றுவது மட்டுமே நம் குறை.

ஏமாற்று இருப்பது திருத்தம் தெரியாமல் நடக்கும் இடத்தில். அதுவும் நம் பக்திப் பாடல்களில்! ஆலயப் பாடல்களின் பதிவுகள் இன்று திரைப்பாடலுக்கு நிகரான மெருகோடு வருகின்றன. அவற்றை நாள்தோறும் கேட்கும் பங்கு மக்கள் ஞாயிறன்று வாய் திறக்கக் கூசுகிறார்கள். ‘பாடற்குழு பாடட்டும், நம் குரல் எதற்கு’ என்கிறார்கள். பாடற்குழுவோ, ‘இசைத்தட்டில் உள்ளதுபோல் வரவில்லை’ என்று பதிவையே ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு உதடசைக்கும் நிலையும் சில இடங்களில் உண்டு. 1958 செப்டம்பரில் உரோமை வெளியிட்ட திரு இசை பற்றிய அறிவுரை, தானியங்கி ஆர்கன், இசைத்தட்டு, வானொலி, ஒலிநாடா ஆகியவற்றைத் திருவழிபாட்டில் பாடலுக்குப் பதிலாக வைப்பதைத் தடுத்தது. அது சங்கத்துக்கு முந்திய ஏடுதான். ஆனால் மக்கள் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்ற 1963ஆம் ஆண்டுச் சங்க ஏட்டின் முழக்கம் அக்கருத்தை வலுப்படுத்தவே செய்தது. இயந்திரம் செபிப்பதில்லை என்பது இரண்டுக்கும் பொது.

குரலைக் குறையற்றதாக்கும் ஆசைக்குத் திருச்சபையும் விலக்காக இருந்ததில்லை என்பதை இங்கே மறைக்கலாகாது. சிறுவரின் உச்சக்குரல் மாறாதிருக்க அவர்களது உடலையே ஊனமாக்கிய கொடிய வழக்கம் இத்தாலியில் இருந்தது. அவ்வாறு ஊனமுற்றவர்கள் திருத்தந்தையின் சிஸ்டைன் சிற்றாலயத்திலும் பாடினார்கள். அவர்களில் கடைசியானவர் அலெசாண்ட்ரோ மொரெஸ்கி. 1902இலும் 1904இலும் உரோமையில் அவர் பாடியதைப் பதிவு செய்தார்கள். இன்று கேட்டால் குரல் நடுங்குகிறது, சுரம் நழுவுகிறது, சில இடங்களில் விம்முவதுபோல் எட்டிப் பிடிக்கிறது. குறையற்ற குரலுக்காக அத்தனை விலை கொடுத்தும், நூற்றாண்டு கடந்து நம்மை நிறுத்திவைப்பது அந்தக் குறைதான். அப்பதிவை இன்றைய மென்பொருளில் இட்டுத் திருத்தினால் மிஞ்சுவது ஒரு கீச்சுக் குரல் மட்டுமே. பாடலின் பொருளைவிட ஓசையின் இனிமையில் தாம் மயங்கிய வேளைகளுக்காகப் புனித அகுஸ்தினார் தம் அறிக்கை நூலின் பத்தாம் பகுதியில் வருந்துகிறார். மொரெஸ்கியைக் கேட்கும்போது அந்த வருத்தம் வேறொரு பொருளில் நமக்குப் புரிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கு இளைஞர்கள் தவக்காலப் பாடல்களைப் பதிவு செய்ய நகரிலுள்ள ஒரு பதிவுக்கூடத்துக்குச் சென்றனர். பெரிய வெள்ளியன்று புலம்பல் பாடும் மூதாட்டி ஒருவரையும் அழைத்துச் சென்றனர். அவர் பாடும் புலம்பலுக்குக் கட்டையும் கிடையாது, தாளக்கட்டும் கிடையாது. ஒவ்வோர் அடியின் இறுதியிலும் குரல் கீழே சரிந்து மண்ணைத் தொடுவதுபோல் முடியும். தாய்மரியாள் மகனின் உடலை மடியில் ஏந்தியதைப் பாடும்போது அந்தச் சரிவு இல்லாமல் என்ன பாடுவது? பதிவு திரும்பி வந்தபோது ஒவ்வோர் அடியும் நேர்கோட்டில் நின்றது. ‘பாட்டி, நீங்களா இது?’ என்று பேரப்பிள்ளைகள் கேட்டார்கள். அவர் பெருமையாகவே சிரித்தார் என்பதையும் சொல்லவேண்டும். அவருக்கு அது பிடித்திருந்தது. திருத்தாத மூலப்பதிவைக் கேட்டு ஆள் அனுப்பினோம். இடம் போதாமல் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இவ்வாண்டுத் திருவிழாவுக்குப் பாடல் பதிவு செய்யப் போகும் குழுவினர் இருந்தால், கூடத்துக்குள் நுழையும் முன்பே மூலப்பதிவின் ஒரு படியைக் கேட்டு வாங்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். எவ்வளவு திருத்துவது என்று பதிவாளர் கேட்பார். அப்போது பாடியவரும் அருகில் இருக்கட்டும்.