கட்டற்ற இயங்குதளமும் பூட்டிய ஃபர்ம்வேரும்

மின்னாளுகைத் திட்டங்களில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015இல் வெளியிட்டது. 2023இல் பாதுகாப்பு அமைச்சகம் விண்டோஸைக் கைவிட்டு, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ‘மாயா’ இயங்குதளத்துக்கு மாற முடிவெடுத்தது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால் உபுண்டுவோடு வைஃபை, கிராஃபிக்ஸ் சில்லுகளை உள்ளிருந்து இயக்கும் மூடிய நிரலான ஃபர்ம்வேரும் சேர்ந்தே வருகிறது. அதன் மூலநிரல் உற்பத்தியாளரிடம் மட்டுமே இருக்கிறது.

இதை அடியோடு மறுப்பவர்கள் உண்டு. ட்ரிஸ்குவல் போன்ற இயங்குதளங்கள் பயன்படுத்தும் லினக்ஸ்-லிப்ரே கருனி, மூடிய ஃபர்ம்வேர்க் கோப்புகளை ஏற்றுவதில்லை. அந்தப் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது. இன்டெல் சிப்செட்டுகளுக்குள் தனியே ஓடும் மேனேஜ்மென்ட் எஞ்சினில் 2017இல் பாதுகாப்பு ஓட்டைகள் வெளிப்பட்டபோது, கணினி யாருடையதானாலும் திருத்தத்துக்கு இன்டெலைத்தான் நம்ப வேண்டியிருந்தது. மாற்றம் சாத்தியம் என்பதற்கும் சான்று உண்டு: 2013இல் குவால்காம் ஏதெரோஸ் தன் யூஎஸ்பி வைஃபை சில்லுகள் சிலவற்றின் ஃபர்ம்வேர் மூலநிரலை வெளியிட்டது.

குறைகளும் சிறியவை அல்ல. டெல்லியின் நேரு பிளேஸ் கணினிச் சந்தையில் இன்று விற்கும் பெரும்பாலான புதிய மடிக்கணினிகளில் ட்ரிஸ்குவலை நிறுவினால் வைஃபை வேலை செய்யாது. அதைவிடக் கவலைக்குரியது பாதுகாப்பு. 2018இல் செயலிகளில் ‘ஸ்பெக்டர்’ என்ற ஓட்டைகள் தெரியவந்ததும், செயலிக்குள் ஓடும் நிரலான மைக்ரோகோடுக்கு இன்டெல் திருத்தங்களை வெளியிட்டது. அவை மூடியவை என்று ஒதுக்கினால், சில்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் பழைய மைக்ரோகோடு ஓடிக்கொண்டிருக்கும், அதுவும் மூடியதே. சுதந்திரம் கூடவில்லை, ஆபத்து மட்டும் தங்கிவிடுகிறது. வட்டிலிருந்து ஏற்றும் நிரலை விலக்கிவிட்டு, சில்லில் பதிந்துவந்த அதே வகை நிரலை வன்பொருளின் பகுதியாக ஏற்பது இந்த நிலைப்பாட்டின் பெரிய முரண்.

டெபியன் இயங்குதளம் நடுவழியைத் தேர்ந்தது. 2022இல் அதன் உறுப்பினர்கள் வாக்களித்து, நிறுவும் தொகுப்பில் மூடிய ஃபர்ம்வேரைச் சேர்க்க இசைந்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அதற்கெனத் தனிப் பிரிவு வகுத்தது. வேண்டாதவர்கள் தவிர்க்கவும் வழி வைத்தது. எது மூடியது என்பது மறைக்கப்படவில்லை. டெபியனை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸுக்கும் இந்த வழி பொருந்தும்.

எனினும், வைஃபை கார்டைக் கழற்றி மாற்றுவதற்கு மேல் தனிநபரால் அதிகம் செய்ய முடியாது. மொத்தமாகக் கணினி வாங்கும் அரசுத் துறைகளால் முடியும். ஃபர்ம்வேரின் மூலநிரல் திறந்திருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் வரும் என்ற இரண்டு கேள்விகளையும் டெல்லி தன் ஒப்பந்தப்புள்ளிகளில் கட்டாயமாக்க வேண்டும்.