ஏலமும் எழுத்தும்: சீன மூலங்களை இணையவழித் தேடும் தமிழாய்வு – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழக – சீனத் தொடர்பு பற்றிய தமிழாய்வுகள் சீன மூலங்களைப் பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே அறிந்து வந்துள்ளன. இன்று அம்மூலங்களிற் பெரும்பகுதி கட்டணமின்றி இணையத்தில் கிடைக்கின்றது. அவற்றைத் தேடும் முறையில் நேரும் பிழைகளையும், தேனி மாவட்டம் போன்ற இடத்திலிருந்து அவற்றை அணுகுவதிலுள்ள தடைகளையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: சீன மூலங்கள், மின்தரவுத்தளம், சோங் வரலாறு, ஏலம், போதிதருமர், பெயரொலிப்பு

போடிநாயக்கனூரின் ஏல வணிகத்தை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொள்ளும் மாணவர் ஒருவர், இம்மலையில் விளையும் ஏலம் சீனம் வரை சென்றதா என்று வினவுவது இயல்பே. விடைதேடி அவர் முதலில் சென்றடையும் நூல், சாவ் ருகுவா 1225இல் எழுதிய அயல்நாட்டுக் குறிப்பின் (ஜூஃபான் ஜி) ஆங்கில மொழிபெயர்ப்பாக இருக்கும். ஹிர்த், ராக்ஹில் ஆகிய இருவரும் 1911இல் வெளியிட்ட அந்நூல் இணைய ஆவணகத்தில் எவரும் பதிவிறக்கத்தக்க நிலையில் உள்ளது. அதில் ஏலம் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல் தலைப்பாகவே வருகின்றது. ஆய்வேட்டில் ஒரு பத்தி அங்கேயே எழுதப்பட்டுவிடும்.

அப்பத்தி பிழையானது. மூலத்தில் உள்ள சொல் 'பை தௌகோ' என்பது. வெண்மையான தௌகோ என்று பொருள்படும் இது இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்ததே ஆயினும், மேற்குத்தொடர்ச்சி மலையின் ஏலமான எலெட்டாரியாவினின்றும் வேறான ஒரு தென்கிழக்காசியச் செடியின் காய். அது கம்போசத்திலும் சாவகத்திலும் கிடைப்பதாகவும், கம்போசத்திலேயே மிகுதி என்பதாகவும் சாவ் ருகுவா தெளிவாகவே குறித்துள்ளார். தௌகோ என்ற சொல்லை மட்டும் இட்டுத் தரவுத்தளத்தில் தேடினால் இடர் இன்னும் பெரிதாகும். சாதிக்காயின் சீனப் பெயரும் (ரௌ தௌகோ) அச்சொல்லைக் கொண்டே முடிவதால் மூன்று வேறு சரக்குகள் ஒரே பட்டியலில் வந்து நிற்கும்.

இதற்கு நேர்மாறான நிலை மிளகில் உள்ளது. அதே நூலின் சரக்குப் பகுதியில் மிளகு சாவகத்துப் பொருளாகவே முதலில் பேசப்படுகின்றது. ஆனால், மலபாரைக் குறிக்கும் நன்பி நாட்டைச் சேர்ந்த ஊலிபாவிலேயே மிளகு மிகுதி என்றும், வணிகர் சாவகத்தில் வாங்குவதும் அங்கிருந்து வந்ததே என்றும் ஒரு செவிவழிச் செய்தியை ஆசிரியர் அவ்விடத்திலேயே சேர்த்துள்ளார். கம்பம் பள்ளத்தாக்கின் மேற்குச் சரிவைப் பற்றி எழுதுவோர்க்குப் பயன்படுவது இவ்வொரு செய்திதான். நாட்டுப்பெயரை மட்டும் தேடி, நாட்டுப் பகுதியோடு நிறுத்திக்கொள்பவருக்கு இது கிட்டாது.

முழுநூல் தேடலின் உண்மையான பயன் இங்கேதான் தொடங்குகின்றது. சோழர் தூதுகள் பற்றிய சீனச் சான்று சோங் வரலாற்றின் 489ஆம் இயலில் 'ஜூநியன்' என்னும் தலைப்பில் உள்ளது என்பதை நீலகண்ட சாஸ்திரியாரின் 'தென்னிந்தியாவைப் பற்றிய அயலார் குறிப்புகள்' (சென்னைப் பல்கலைக்கழகம், 1939) முதலான நூல்களால் நாம் அறிவோம். ஆனால் சோழரின் தகுதிநிலை பற்றிய மிக முதன்மையான கூற்று அத்தலைப்பின் கீழ் இல்லை. 1106இல் பாகனிலிருந்து தூதர் வந்தபோது அவர்களை எவ்வாறு வரவேற்பது என்று அரசவை ஆராய்ந்தது. ஜூநியன் ஸ்ரீவிஜயத்துக்கு உட்பட்ட நாடு, ஆகவே அதற்குரிய முறை பாகனுக்குப் பொருந்தாது என்று அதிகாரிகள் கூறினர். இச்செய்தி பாகன் பற்றிய பகுதியில்தான் உள்ளது. கடாரங்கொண்ட சோழரின் வழியினரைச் சீன அரசவை ஸ்ரீவிஜயத்தின் கீழ் வைத்து எண்ணியது என்பது தமிழ் வரலாற்று மாணவர் எவரும் கடந்துசெல்லக் கூடாத சிக்கல். இதனோடு 1079ஆம் ஆண்டின் குவாங்சோ தாவோ கோயிற் கல்வெட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சோங் வரலாறு 1077இல் தூதனுப்பிய சோழ அரசனுக்குத் தரும் 'திஹுவாஜியாலுவோ' என்ற பெயரே அக்கல்வெட்டில் ஸ்ரீவிஜயத்தின் தலைவனுக்கு வருகின்றது. நாட்டின் பெயரால் தேடினால் இது அகப்படாது. அரசன் பெயரால் தேட வேண்டும்.

அதே 1077ஆம் ஆண்டுத் தூதில் வந்தோர் தொகை 72 என்று ஆங்கில நூல்களிலும், அவற்றை வழிமொழியும் தமிழ் நூல்களிலும், இணையத்திலும் பரவலாகக் காணப்படுகின்றது. சோங் வரலாற்றின் பாடத்திலோ 27 என்றே உள்ளது. மூலத்தைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. தைவானின் அகதெமியா சினிகா நிறுவனத்தின் மின்னூல் தொகுதியில் அரசமரபு வரலாறுகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எண்களைப் படிக்கச் சீன மொழிப் புலமை தேவையில்லை. ஒன்று முதல் பத்து வரையான எழுத்துகளை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

போதிதருமர் பற்றிய பேச்சு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. 'ஏழாம் அறிவு' (2011) திரைப்படத்துக்குப் பின் அவர் காஞ்சியின் பல்லவ இளவரசர் என்பது வகுப்பறையிலும் ஐயத்துக்கு இடமற்ற உண்மையாகிவிட்டது. தைவானின் சிபேட்டா பௌத்த மின்னூல் தொகுதியும் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் சாட் தொகுதியும் தைஷோ பதிப்பின் நூல்வரிசை எண்களைப் பின்பற்றுகின்றன. எண் 2092 ஆகிய லோயாங் விகாரைகள் பற்றிய நூலை யாங் சுவான்சி 547இல் எழுதினார்; அதில் போதிதருமர் பாரசீகத்தவர். எண் 2060 ஆகிய, ஏழாம் நூற்றாண்டுத் தாவோசுவானின் துறவியர் வரலாற்றில் அவர் தென்னிந்தியப் பிராமண குலத்தவர். தான்லின் என்பவரின் முன்னுரை அவரைத் தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கின்றது. 1004இல் தொகுக்கப்பட்ட எண் 2076இல்தான் அவ்வரசனின் நாடு 'சியாங்சி' என்று பெயர் பெறுகின்றது. சியாங்சியே காஞ்சி என்பது ஒலி ஒப்புமை கருதிய பிற்கால ஊகம். சுவான்சாங்கின் பயணநூலில் (எண் 2087) காஞ்சிபுரம் 'ஜியான்சிபுலோ' என்று வேறு எழுத்துகளால் குறிக்கப்பெற்றுள்ளதை இவ்வூகத்தை ஏற்போர் கருத்திற் கொள்வதில்லை. ஊகம் தவறென்று இதனால் மட்டும் நிறுவ இயலாது. ஆயினும் நான்கு நூல்களும் நான்கு விதமாகச் சொல்லுமிடத்து, நான்காவதை மட்டும் எடுத்து அதன்மேல் ஒரு பல்லவ மரபை எழுப்புவது ஆய்வாகாது.

தொகுதிகள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. சிபேட்டா மெய்ப்புப் பார்க்கப்பட்ட பாடம்; தைஷோவின் பக்க எண்ணோடு மேற்கோள் காட்டலாம். டொனால்ட் ஸ்டர்ஜன் நடத்தும் சீன நூற்பாடத் திட்டம் மிக விரிந்தது, கையாளவும் எளியது. ஆனால் அதன் ஒரு பகுதி கணினி எழுத்துணரி வழியாக உருவான, பயனர் திருத்தும் பாடம். அங்குக் கண்டதை உடனிருக்கும் பக்கப் படிமத்தோடு ஒப்பிடாமல் மேற்கோளாக்குதல் தகாது. தானியங்கி மொழிபெயர்ப்பு இன்னும் இடர் மிக்கது. ஜூநியன் என்னும் பெயரின் முதல் எழுத்துக்கு ஊற்றுதல் என்றும் இரண்டாவதற்கு அரச ஊர்தி என்றும் பொருள் உண்டு. பெயரைப் பெயரென்று அறியாத கருவி சோழ நாட்டை ஓர் வண்டியாக்கிவிடக்கூடும்.

தொடக்கநிலை ஆய்வாளருக்கு இத்தொகுதிகளை விடவும் பயன் மிக்கது ஒரு பின்னிணைப்பு: 2009இல் சிங்கப்பூரில் வெளியான 'நாகப்பட்டினத்திலிருந்து சுவர்ணத்தீவுக்கு' என்ற ஆங்கிலத் தொகுப்பில், சோழரைக் குறிக்கும் சீனப் பகுதிகளை நொபோரு கராஷிமாவும் தான்சென் சென்னும் மொழிபெயர்த்துத் திரட்டியது. ஜப்பானியப் பௌத்தவியல் கட்டுரைகளுக்கு ஜே-ஸ்டேஜ் தளம் உண்டு. பழைய இதழ்களும் கட்டணமின்றித் திறந்துள்ளன. கொரிய மூலங்கள் நம் பொருளுக்கு அரிதாகவே தேவைப்படுகின்றன.

இன்றைய சீன ஆய்வாளரின் கட்டுரைகளைப் பெறுவதில் நிலைமை வேறு. சிஎன்கேஐ என்னும் பெருந்தரவுத்தளம் கட்டணம் கோருவது. 2023 ஏப்ரல் முதல் ஆய்வேடுகள், மாநாட்டுக் கட்டுரைகள் முதலிய பகுதிகள் அயல்நாட்டவர்க்குக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. 2025 சனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு நிர்வாகத்திலுள்ள நிறுவனங்களுக்கு வழங்குகின்றது. அது சீன மொழித் தரவுத்தளங்களைக் கருதி அமைந்ததன்று. உத்தமபாளையம், போடி, பெரியகுளம் ஆகிய ஊர்களின் பழைய கல்லூரிகளோ அரசுதவி பெறும் தனியார் நிர்வாகத்தின. ஆகவே இப்பள்ளத்தாக்கின் ஆய்வாளர்க்கு எஞ்சுவன திறந்த மூலங்களே. இது குறையன்று என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். மேற்கண்ட பிழைகள் யாவும் கட்டணமில்லா மூலங்களைக் கொண்டே திருத்தத்தக்கவை. சின்னமனூர்ச் செப்பேடுகளை இங்குள்ளோர் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் பாடத்தோடு படித்தே பேசுகின்றனர். உள்ளூர்ச் சான்றுக்கு வேண்டும் அந்த ஒழுங்கு சீனச் சான்றுக்கு மட்டும் தளர்வானேன்?

மெய்யான தடை தமிழ்ப் பக்கத்தில் உள்ளது. சீனப் பெயர்களை எழுதுவதற்கு நம்மிடம் ஒரு நெறி இல்லை. ஒரே பயணி யுவான் சுவாங், ஹியூன் சாங், சுவான்சாங் என மூவராகித் தமிழ் நூலகப் பட்டியல்களில் உலவுகின்றார். சாஸ்திரியார் காலத்து ஆங்கில எழுத்துப்பெயர்ப்பில் சூலியென் என்றிருந்தது இன்றைய பின்யின் முறையில் ஜூநியன். இரண்டும் ஒன்றென அறியாதவர் தேடுபெட்டியில் வெறுங்கையுடன் நிற்பார். சோழம் ஜூநியன் என்றும் மிங் காலத்தில் சுவோலி என்றும், பாண்டிய நாடு சுவான்சாங்கில் மோலுவோஜூசா என்றும் யுவான் வரலாற்றில் மாபார் என்றும் வருவதைத் தமிழ் வடிவம், பழைய எழுத்துப்பெயர்ப்பு, பின்யின், சீன எழுத்து, நூலும் இயலும் என ஐந்து நிரல்களில் அமைத்தால் ஐம்பது பெயர்களுக்குள் முடிந்துவிடும். ஒரு கல்லூரித் தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் இணைந்து ஓராண்டில் செய்யத்தக்க பணி அது. அதில் தௌகோவுக்கு மூன்று வரிகள் தேவைப்படும். அவற்றுள் எதற்கு நேராகவும் போடி ஏலத்தை எழுத இயலாது.