கடற்கரையின் இரு முகங்கள்

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்குக் கடல் தொலைவு; ஆயினும் அது நம் மாவட்டத்துக் கடலே. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் கடலூரில் ஆர்கோ தத்தா எடுத்த படம், அவ்வாண்டுக்கான உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. மணலில் கவிழ்ந்து அழும் பெண்ணைக் காட்டி, மாண்டவரின் கையை மட்டும் ஓரத்தில் நிறுத்திய அடக்கத்தை நாம் போற்றுகிறோம். ஆயின் அதுவே அக்கரையின் ஒரே முகமாகிவிடின், அம்மக்கள் என்றென்றும் துயருற்றோராகவே எண்ணப்படுவர்.

எம். பழனிக்குமார், ராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்பாசி சேகரிக்கும் பெண்களைப் படமெடுத்தார். பாறை கிழிக்காதிருக்க அவர்கள் விரல்களில் சுற்றும் துணியையும் அப்படங்கள் காட்டுகின்றன. அங்கே உழைப்பும் திறனும் தெரிகின்றன; இரக்கத்தைவிட மதிப்பே நம்முள் எழுகிறது. பேரிடர் நாளின் படம் சான்றாக நிற்கட்டும். அதனருகே அன்றாடத்தின் படமும் இருந்தால்தான் அம்மக்களுக்குரிய கண்ணியம் நிறைவுறும் என்பது நமது துணிபு.