நவோதயா: மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து வட்டவடையில் பூண்டும் காய்கறியும் பயிரிடும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடைக்கானல் தொலைவூர் அல்ல; மலைமுகட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் அதுதான். அங்கே 1901 முதல் ஓர் உறைவிடப் பள்ளி இருக்கிறது. அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. 1970களில் சர்வதேசப் பள்ளியாக மாறியது. இத்தகைய பள்ளிகளில் படித்தவர்கள் பழைய நாட்களைப் பேசத் தொடங்கினால் முதலில் வருவது பன்மை. ஒரே அறையில் எத்தனை நாட்டுப் பிள்ளைகள், எத்தனை மதங்கள், எத்தனை பண்டிகைகள்! அதில் பொய் ஒன்றும் இல்லை. கடவுச்சீட்டுகள்தாம் பலவிதம், பெற்றோரின் வருமானம் பெரும்பாலும் ஒரேவிதம். பூண்டுக்காரரின் மகன் அந்தப் பன்மைக் கணக்கில் வருவதில்லை.

பணக்கார உறைவிடப் பள்ளிகளைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டணம் இருக்கும் இடத்தில் சலுகை எங்கே என்று தேட வேண்டியதில்லை. நான் எடைபோட விரும்புவது கட்டணமே இல்லாத ஓர் உறைவிடப் பள்ளியை. அதில் படித்தவர்கள், “எங்கள் பள்ளியில் ஏழை பணக்காரன் கிடையாது, சாதி கிடையாது” என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் சொல்லும் ஜவஹர் நவோதயா பள்ளிகளைக் கொண்டுவந்தது 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி டேராடூனின் டூன் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளியோ ஆங்கிலேய உறைவிடப் பள்ளிகளின் அச்சில் 1935இல் தொடங்கப்பட்டது. ஹவுஸ், கேப்டன், விடியற்காலை பி.டி., பொது மெஸ் என்ற ஏற்பாடு எல்லாம் நவோதயாவிலும் உண்டு. ஒரு மேட்டுக்குடிப் பள்ளியின் பழைய மாணவர் தன் பள்ளியைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்க நினைத்தார் என்றே இதை வாசிக்கலாம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த அச்சை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை. ஹவுஸ்களுக்கு ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்று பெயர். நாடு முழுக்க நவோதயா பிள்ளைகள் நீலகிரி ஹவுஸுக்காக ஓடுகிறார்கள், பாடுகிறார்கள். ஆனால் நீலகிரி மாவட்டத்திலேயே நவோதயா இல்லை. தமிழ்நாட்டில் எங்குமே இல்லை.

கேரளத்தில் 14 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்று உண்டு. பாலக்காட்டுக்கானது மலம்புழையில், இடுக்கிக்கானது குளமாவில். இரண்டும் அணைகளின் பக்கத்தில், ஊர்ச் சந்தடியிலிருந்து விலகி. ஆறாம் வகுப்பில் 80 இடங்கள். குறைந்தது 75 விழுக்காடு கிராமப்புறத்துக்கு. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு. படிப்பு, சாப்பாடு, சீருடை, தங்குமிடம் எல்லாம் இலவசம். ஒன்பதாம் வகுப்பு முதல் ஒரு பகுதியினரிடம் மட்டும் சிறு தொகை வாங்குகிறார்கள். பெண்களும் பட்டியல் பிரிவினரும் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளோரும் அதையும் தர வேண்டியதில்லை.

இப்படியொரு மெஸ்ஸில் ஏழு வருடம் சாப்பிட்டவர்கள் சமத்துவத்தைப் பற்றிப் பேசினால் அதற்கு ஆதாரம் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் விவசாயியின் மகளும் பாலக்காட்டுத் தலைமையாசிரியரின் மகளும் ஒரே டார்மிட்டரியில் தூங்கி, ஒரே தட்டை ஒரே வரிசையில் நின்று கழுவ வாய்ப்புள்ள இடம் நம் நாட்டில் எத்தனை? ஒன்பதாம் வகுப்பில் 30 விழுக்காடு மாணவர்கள் ஓராண்டுக்கு இந்தி பேசும் மாவட்டத்து நவோதயாவுக்குப் போக, அங்கிருந்தும் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். வீட்டிலேயே இருந்திருந்தால் மலம்புழைப் பெண் பதினான்கு வயதில் வட இந்தியக் கிராமத்துப் பெண்ணோடு ஓர் ஆண்டு வாழ்ந்திருக்க மாட்டாள். கொடைக்கானலின் பன்மை விலைக்கு வாங்கியது. இது விதி வகுத்து உண்டாக்கியது. இரண்டாவதே மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒதுக்கீடு இல்லாமல் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் பள்ளிகளும் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பது கடினம் அல்ல.

சிக்கல் வாசலில் இருக்கிறது. நுழைவுத் தேர்வு இரண்டு மணி நேரம், 80 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 50 மதிப்பெண் மனத்திறன் பகுதிக்கு: விடுபட்ட வடிவத்தைத் தேடு, கண்ணாடியில் எப்படித் தெரியும் என்று சொல், ஒட்டாத படத்தைக் காட்டு. மொழியும் பாடப்புத்தகமும் யாருக்கும் தடையாக இருக்கக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம். நடப்பது வேறு. பள்ளிப் பாடத்தில் இல்லாத இந்தக் கேள்விகளுக்குப் பழக்கம் வேண்டும். பழக்கத்துக்கு வழிகாட்டிப் புத்தகமோ பயிற்சி வகுப்போ வேண்டும். அதற்கு முன்னால், விண்ணப்பத் தேதியைத் தெரிந்து வைத்திருக்கும் ஒரு தகப்பனோ தாயோ வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் திறமை என்று நாம் அளப்பதில் பெற்றோரின் திறமை எவ்வளவு?

கிராமப்புற ஒதுக்கீடும் பார்வைக்கு இருப்பதுபோல் அவ்வளவு நேர் அல்ல. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைக் கிராமத்தில் படித்திருந்தால் போதும். வருமான வரம்பு கிடையாது. கிராமத்துக்கும் நகரத்துக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாத கேரளத்தில், கிராமத்தில் வீடு கட்டியிருக்கும் வங்கி அதிகாரியின் மகனும் கிராமப்புறத்தானே. அவன் வரக் கூடாது என்று சொல்லவில்லை. அவனோடு ஒரே கணக்கில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளரும் பிள்ளையையும் வைத்துவிட்டு, போட்டி சமம் என்று சொல்லாதீர்கள் என்கிறேன்.

லயத்துப் பிள்ளையின் கதை இன்னும் சிக்கல். 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. மூணாறு, சூரியநெல்லிப் பக்கத்துத் தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகள் அதனால் நவோதயாத் தேர்வை எழுதலாம். போடிமெட்டுக்குக் கீழே தேனி மாவட்டத்துப் பிள்ளை எழுத முடியாது. இது சலுகைபோலத் தெரியும். ஆனால் மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கும் குளமாவில் அந்தப் பிள்ளையைச் சூழ்ந்திருக்கும் வட்டார மொழி மலையாளம். எட்டாம் வகுப்புக்குப் பிறகு ஆங்கிலமும் இந்தியும். தமிழ்வழித் தொடக்கப் பள்ளியிலிருந்து போகும் பத்து வயதுக் குழந்தை ஒரே சமயத்தில் வீட்டையும் மொழியையும் விட வேண்டும். இடமலைக்குடியின் முதுவான் பழங்குடிக் குழந்தைக்கும் அட்டப்பாடியின் இருளர் குழந்தைக்கும் இதுவே நிலை. அட்டப்பாடி முக்காலியிலும் மூணாறிலும் பழங்குடி மாணவர்களுக்கென்றே மாநில அரசு மாதிரி உறைவிடப் பள்ளிகள் நடத்துகிறது. மலம்புழையின் பன்மையும் முக்காலியின் தனிப்பள்ளியும் ஒரே மாவட்டத்தில் இருப்பதே, நவோதயாவின் கலவை எதுவரை எட்டும் என்பதைக் காட்டிவிடுகிறது.

பழைய மாணவர்களின் நினைவுகளில் இதெல்லாம் வராதது இயல்பு. நினைவு கூர்பவர்கள் நிலைத்து நின்றவர்கள். வெள்ளிவிழா ஒன்றுகூடலுக்கு வருபவர் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர். ஏழாம் வகுப்பில் டிரங்குப் பெட்டியோடு வீடு திரும்பியவர் அந்த வாட்ஸாப் குழுவில் இல்லை. 2013 முதல் 2017 வரை நாடு முழுவதும் நவோதயாக்களில் 49 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் தலித், பழங்குடிப் பிள்ளைகள் என்று 2018 இறுதியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளேடு வெளிக்கொண்டு வந்தது. “எங்கள் பள்ளியில் சாதி தெரியாது” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாமலே வளர முடிந்ததும் ஒரு வசதிதான்.

அமெரிக்க சமூகவியலாளர் ஷேமஸ் கான் தான் படித்த செயின்ட் பால்ஸ் உறைவிடப் பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பிப் போய், 2011இல் ஒரு நூல் எழுதினார். இன்றைய மேட்டுக்குடிப் பிள்ளைகள் தங்கள் இடம் பிறப்பால் வந்தது என்று நினைப்பதில்லை, உழைப்பால் வந்தது என்றே நம்புகிறார்கள் என்பது அவர் கண்டது. நவோதயா மாணவர் உண்மையிலேயே உழைத்தவர் என்பதால் இந்த நம்பிக்கை அவரிடம் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. தேர்வில் வென்றது நான். ஆகவே தோற்றவன் உழைக்கவில்லை. இந்த இரண்டாவது பாதிதான் ஆபத்து.

தமிழ்நாட்டு வாசகர் இந்த இடத்தில் திருப்தியோடு தலையாட்ட வேண்டாம். இந்தித் திணிப்பைக் காட்டி நாம் நவோதயாவை மறுத்தோம். அனுமதிக்கச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை போட்ட உத்தரவுக்கு உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கினோம். மொழி பற்றிய அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பொறுக்கி, விடுதியில் வைத்து, உயர்கல்வி நுழைவுத் தேர்வுகளுக்குத் தயார்செய்யும் மாதிரிப் பள்ளிகளை நாமும் மாவட்டந்தோறும் நடத்துகிறோம். பொறுக்கி எடுப்பதன் கேள்விகள் அங்கேயும் அப்படியே நிற்கின்றன.

என் தீர்ப்பு இது: நவோதயாவை மூட வேண்டாம், வாசலைத் திருத்த வேண்டும். சேரும் பிள்ளைகளின் பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள் என்ற விவரத்தை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வரும் பிள்ளைக்குத் தேர்வில் எடை கொடுக்க வேண்டும். எல்லை மாவட்டங்களில் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழாசிரியர் வேண்டும். அரசு இதையெல்லாம் செய்யும்வரை பழைய மாணவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த ஒன்றுகூடலுக்கு அழைப்பு அனுப்பும்போது, கடைசி வருடத்துப் பட்டியலை எடுக்காதீர்கள். ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பட்டியலை எடுங்கள். நடுவில் போனவர்களையும் கூப்பிடுங்கள், முதலில் அவர்களைப் பேச விடுங்கள்.